ட்ரோன் கேமரா வாங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். ட்ரோன் வாங்க நினைக்கும் தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, இதில் 4கே வருமா?" என்பதுதான். "ஜிம்பல் இருக்கா, அதை முதலில் பார்" என்பேன்.

ஜிம்பல் என்பது கேமராவைத் தாங்கிப் பிடிக்கும் குட்டி மோட்டார்களின் அமைப்பு. கடையிலேயே சோதித்துவிடலாம். ட்ரோனை ஆன் செய்து, கையில் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். உடம்பு சாய்ந்தாலும் கேமரா மட்டும் நேராக நிற்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்கு விற்கும் ட்ரோன்களில் இது இருக்காது. பெட்டியில் 4கே என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கும் மென்பொருள்தான். குழந்தைகள் விளையாட வாங்குங்கள், தப்பில்லை.

சரி, உண்மையான 4கே என்றே வைத்துக்கொள்வோம். டிஜேஐ நிறுவனத்தின் மினி 2, மினி 3 ட்ரோன்கள் இரண்டும் 4கே எடுக்கும். ஆனால் மினி 3-இன் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, பரப்பளவில் இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. பகல் வெளிச்சத்தில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மாலை வரவேற்பில் மண்டபத்தின் சீரியல் விளக்குகளை மேலிருந்து எடுத்துப் பாருங்கள், சின்ன சென்சாரில் இருட்டுப் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும்.

இந்த மினி வகை 250 கிராமுக்குள் நிற்பதற்குக் காரணம் சட்டம். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோ பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவை ஆசைக்குப் பறக்கவிட்டாலும் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுத்தால் கட்டாயம் வேண்டும். எடை விஷயத்தில் ஒரு பொறி உண்டு. மினி 3-க்குப் பெரிய பேட்டரி ஒன்று விற்கிறார்கள். பறக்கும் நேரம் கூடும், ஆனால் மொத்த எடை 250 கிராமைத் தாண்டி, உங்கள் நானோ மைக்ரோ ஆகிவிடும். எந்த எடையானாலும் விமான நிலையத்தின் அருகே இஷ்டத்துக்குப் பறக்கவிட முடியாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் ஊர் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துவிட்டு வாங்கப் போங்கள். பச்சையிலும் 400 அடிதான் உச்சம்.

அப்புறம், கடைக்காரர்கள் வாய் திறக்காத ஒரு சமாச்சாரம். முழு ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது; ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அதனால் புதுப் பெட்டியைக் காட்டினால் பில் கேளுங்கள். எந்த வழியாக வந்தது, கீழே விழுந்தால் யார் பழுது பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள்.

பழைய ட்ரோன் வாங்குகிறவர்கள் பேட்டரியை மேசைமேல் வைத்துப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் வேண்டாம். எத்தனை முறை சார்ஜ் ஏறியது என்ற கணக்கை டிஜேஐ செயலியே காட்டும். விற்பவர் தன் டிஜேஐ செயலிக் கணக்கிலிருந்து ட்ரோனை உங்கள் கண்முன்னே நீக்கித் தர வேண்டும். பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.

மினி 3-இன் சாதாரண பேட்டரிக்கு 38 நிமிடம் என்கிறது நிறுவனம். அது காற்றே இல்லாத இடத்துக் கணக்கு. அம்மியே பறக்கும் ஆடிக்காற்றில் கால் கிலோ பிளாஸ்டிக் எம்மாத்திரம்? தரையில் இலை அசையாத நாளிலும் மேலே காற்று வீசும். போகும்போது எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது காற்றோடு வாருங்கள். மாற்றிச் செய்தால் பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து யாரோ ஒருவர் வயலில் இறங்கும். கையில் மூன்று பேட்டரியாவது இருக்கட்டும்.

உபரி இறக்கைகளும் வாங்கிக்கொள்ளுங்கள். நகத்தால் வருடும்போது விளிம்பில் பிசிறு தட்டினால் மாற்றிவிட வேண்டும். மினியில் இறக்கைகள் இரண்டு வகை: ஒன்றில் அடையாளக்கோடு இருக்கும், மற்றதில் இருக்காது. ட்ரோனின் கோடு போட்ட கையில் கோடு போட்ட இறக்கையைத்தான் திருக வேண்டும். மாற்றி மாட்டினால் கிளம்பிய நொடியிலேயே குப்புறக் கவிழ்ந்துவிடும்.