வரென்னாவில் அறை எடுப்பதற்கு முன் படிக்கட்டைப் பற்றிக் கேளுங்கள்

வணக்கம் மக்களே. இப்போது நான் நிற்பது வரென்னா படகுத்துறையில். இத்தாலியில் கோமோ ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் சின்ன ஊர். இந்த ஏரிக்கு வந்தால் எங்கே தங்குவது என்று நிறைய பேர் கேட்கிறீர்கள், அதனால் இன்றைக்கு அதை மட்டும் பேசுவோம்.

முதலில் ஊர். கோமோ நகரத்தில் தங்கலாம், மிலானுக்கு ரயிலும் நிறைய உண்டு, ஆனால் நாம் படத்தில் பார்த்து ஆசைப்படும் பெல்லாஜியோ, மெனாஜியோ, வரென்னா எல்லாம் ஏரியின் நடுப்பகுதியில் இருக்கின்றன, கோமோவிலிருந்து சாதாரணப் படகில் பெல்லாஜியோ போகவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். போக இரண்டு, வர இரண்டு என்றால் பாதி நாள் போச்சு. பெல்லாஜியோ அழகுதான், ஆனால் அங்கே ரயில் கிடையாது. மெனாஜியோவிலும் கிடையாது. வரென்னாவில் உண்டு. மிலானின் மிலானோ சென்ட்ராலே ரயில் நிலையத்தில் திரானோ போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், நேராக இங்கே இறங்கிவிடலாம். இங்கிருந்து பெல்லாஜியோவுக்குப் படகில் கால் மணி நேரம். அதனால் என் ஓட்டு வரென்னாவுக்கு.

அப்புறம் ஹோட்டல். எல்லோரும் முதலில் தேடுவது ஏரி தெரியும் அறையைத்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது லிஃப்ட். இந்த ஊர் மலைச் சரிவில் ஏரியை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது, சந்துகளில் பாதி கல் படிக்கட்டுதான், சக்கரம் வைத்த பெட்டி அதில் உருளாது, தூக்கித்தான் ஆக வேண்டும். மேப்பில் இருநூறு மீட்டர் என்று காட்டுவது முழுக்க ஏற்றமாக இருக்கலாம். கட்டடங்களும் பழசு, லிஃப்ட் வைக்க இடமில்லாத ஹோட்டல்கள் உண்டு, லிஃப்ட் இருந்தாலும் வாசலுக்கு வரவே படியேற வேண்டிய இடங்களும் உண்டு. முழங்கால் வலியோடு இருக்கும் அம்மா அப்பாவைக் கூட்டி வருகிறவர்கள் தயவுசெய்து ஹோட்டலுக்கு ஒரு மெயில் போடுங்கள்: கார் நிற்கும் இடத்திலிருந்து ரிசப்ஷன் வரை எத்தனை படி, அங்கிருந்து அறைக்கு எத்தனை படி? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத ஹோட்டல் வேண்டாம்.

ஏரி தெரியும் அறைக்கு விலை நன்றாகவே கூடும். அந்தப் பணத்தைக் கொடுப்பதானால் பால்கனியோடு எடுங்கள், வெறும் ஜன்னலுக்குக் கொடுக்காதீர்கள். வரென்னா மேற்கைப் பார்த்த ஊர், காலையில் பின்னால் இருக்கும் மலையைத் தாண்டி வெயில் வரத் தாமதமாகும், ஆனால் மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து ‘பிரேவா’ என்று ஒரு காற்று அடிக்கும் பாருங்கள், அந்த நேரத்தில் பால்கனியில் உட்கார்ந்து எதிர்க்கரையில் சூரியன் இறங்குவதைப் பார்ப்பதற்குத்தான் அந்த விலை. பக்கவாட்டில் ஏரி தெரியும் என்று போட்டிருந்தால் அதே அறையிலிருந்து எடுத்த படம் கேளுங்கள். பட்ஜெட் இல்லையென்றால் கவலையே வேண்டாம், படகுத்துறையிலிருந்து ஊருக்குள் போகும் இந்தச் சிவப்புக் கம்பி நடைபாதை தண்ணீருக்கு மேலேயே போகிறது, காசு கிடையாது. சான் ஜோர்ஜோ சதுக்கத்தை ஒட்டி அறை எடுத்தால் தேவாலய மணி கேட்கும், சாலையும் அங்கேதான் போகிறது, தூக்கம் லேசாக உள்ளவர்கள் பின்பக்க அறை கேளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வருவதானால் ஏசி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சுற்றுலா வரி தனி, ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டலிலேயே வாங்குவார்கள், கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். வீடு வாடகைக்கு எடுப்பவர்கள் விளம்பரத்தில் ‘சி.ஐ.என்.’ என்ற அரசுப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், 2025 முதல் அது கட்டாயம். நவம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே நிறைய ஹோட்டல்கள் மூடிவிடும், படகும் குறைந்துவிடும், அந்த மாதங்களில் வருகிறவர்கள் மட்டும் நான் சொன்னதை விட்டுவிட்டுக் கோமோ நகரத்திலேயே அறை எடுங்கள்.