சூடாகும் கடலில் ஒரு கடற்புல்லைக் காப்பது

அவையோருக்கு வணக்கம்.

கடலுக்குள் பச்சையாகத் தெரிவதையெல்லாம் பாசி என்று எண்ணிவிடுகிறோம். கடற்புல் பாசியன்று, வேரும் தண்டும் இலையும் கொண்டு, நீருக்குள்ளேயே பூக்கும் தாவரம் அது. உலகெங்கும் ஏறத்தாழ 70 இனங்களே உள்ள இக்கூட்டத்தில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேச விழைகிறேன். சோஸ்டெரா கேப்பென்சிஸ் என்னும் அப்புல், தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்கே கென்யா வரை, கழிமுகங்களிலும் காயல்களிலும் அலையடங்கிய சேற்றுப் பரப்புகளில் வளர்கிறது. பன்னாட்டுச் சிவப்புப் பட்டியல் அதை அழிவாய்ப்பு இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் லாங்கபான் காயலில் 1960-க்கும் 2007-க்கும் இடையில் இப்புல்லின் பரப்பு 38 விழுக்காடு குறைந்தது. இன்று தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் காயல் அது. 1988 முதல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலமும்கூட. புல் குறைந்ததும் அதை நம்பியிருந்தவையும் குறைந்தன. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு நத்தை இப்புல்லின் இலைமீதே வாழ்கிறது. அந்தக் குறுகிய இலையில் பொருந்தி அமரும்படி அதன் ஓடு இருபுறமும் ஒடுங்கியிருக்கும். அத்தனை நுட்பமாக ஓர் இலைக்கென்றே அமைந்த உயிருக்கு, இலை போனபின் ஒதுங்க வேறிடம் ஏது?

இழந்த புல் தானே திரும்பிவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. புல் அடர்ந்திருக்கும் வரை அதன் வேர்ப்பின்னல் மணலை இறுக்கிப் பிடிப்பதால், மணலுக்குள் வளைதோண்டும் ஒருவகை இறால் அங்கே நுழைய இயலாது. புல் ஒருமுறை விலகிவிட்டால் அந்த இறால் குடியேறி, அடிமணலை இடைவிடாது மேலே தள்ளி, புதிதாகத் தலைகாட்டும் தளிர்களை மூடிவிடுகிறது. ஆகவே இருக்கும் புல்வெளியைக் காப்பது, இழந்ததை மீட்பதைவிடப் பல மடங்கு எளிது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இந்நிலையில்தான் பருவநிலை மாற்றமும் வந்து சேர்கிறது. நீர் வற்றும் வேளையில் சேற்றின்மேல் படிந்து கிடக்கும் இலைகளை வெயில் வாட்டுகிறது; பெருவெள்ளம் புல்லை வேரோடு அரிக்கிறது அல்லது வண்டலால் மூடுகிறது; வறட்சியில் ஆற்றின் வரத்து குறையும்போது சில கழிமுகங்களின் வாய் மணல்மேட்டால் அடைபட்டு, நீரின் ஆழமும் உவர்ப்பும் மாறிவிடுகின்றன. வெயிலைத் தடுக்க ஒரு காயலின் காவலரால் இயலாது. ஆனால் மேல்நிலத்தில் ஆற்றிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம், கழிவுநீர் எங்கே போய்ச் சேர வேண்டும், தூண்டில் இரைக்கும் சிப்பிக்கும் எந்தச் சேற்றைத் தோண்டலாம் என்பவையெல்லாம் மனிதர் கூடி முடிவெடுக்கக் கூடியவை. தென்னாப்பிரிக்காவின் நைஸ்னா கழிமுகத்தில் அண்மை ஆண்டுகளில் கழிவுநீர் தரும் சத்தால் பச்சைப் பாசி பெருகிப் புல்லின்மேல் படர்ந்ததைக் கண்ட பிறகும் கழிவுநீரைச் சிறு விஷயமென்று ஒதுக்குவது சரியன்று. ஏற்கெனவே நலிந்த புல் வெப்பத்தைத் தாங்காது.

இன்னொன்று, பரப்பளவை மட்டும் கணக்கிட்டால் கண்ணுக்குத் தப்பிவிடுவது. இப்புல் பெரும்பாலும் கிடைத்தண்டால் பரவுவதால், பரந்து தெரியும் புல்வெளிகூட ஒருசில செடிகளின் நகல்களாகவே இருக்கக்கூடும். குளிர்ந்த மேற்குக் கரைப் புல்லும் வெதுவெதுப்பான கிழக்குக் கரைப் புல்லும் மரபணுவில் வேறுபட்டவை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மாறிவரும் கடலில் எந்த வேறுபாடு கைகொடுக்கும் என்பதை முன்கூட்டியே எவராலும் சொல்ல முடியாது. அதனால் இரு கரைகளிலும் பெரிய புல்வெளிகளோடு சிறிய, ஒதுங்கிய புல்வெளிகளையும் காக்க வேண்டும்.

வெப்பம் பழகிய கிழக்குப் புல்லை மேற்கே கொண்டுபோய் நட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. உடனே அப்படிச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. குளிர்நீரில் அது பிழைக்குமா, உள்ளூர்ப் புல்லை நெருக்கித் தள்ளுமா என்பதை முதலில் தொட்டிகளில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதுவரை, அதே கரையின் வெவ்வேறு புல்வெளிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து நடலாம். எடுத்த இடத்திலும் காயம் ஆறுகிறதா என்று கவனிக்கலாம். நடவுக்கு நிதி ஒதுக்குவோர், நட்டபின் பல பருவங்கள் சேற்றில் இறங்கி அளக்கும் பணிக்கும் அதே திட்டத்திலேயே நிதி ஒதுக்க வேண்டும் என்று இம்மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.