பராமரிப்புத் தொகை ஏறிவிட்டது, கட்ட முடியவில்லை: முதலில் என்ன செய்வது?

(திரையில்: ஒரு கடிதம். பழைய தொகை அடிக்கப்பட்டு, பக்கத்தில் புதிய தொகை.)

வணக்கம். பிரிந்து வாழும் அப்பாவோ அம்மாவோ குழந்தைக்காக மாதாமாதம் ஒரு தொகை கட்டி வருகிறார். திடீரென்று ஒரு கடிதம், இனிமேல் இவ்வளவு என்று. வாடகையும் கடன் தவணையும் போக மிஞ்சுவதைவிட அது அதிகம். இந்த இடத்தில் நிறையப் பேர் கடிதத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பழைய தொகையையே கட்டிக்கொண்டு, யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். இதைவிட மோசமான முடிவு கிடையாது.

ஏன் என்றால், உங்கள் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும், நீதிமன்றத்துக்குத் தெரியாது. நீங்கள் எழுதிக் கொடுத்து அது மாற்றும்வரை உத்தரவில் உள்ள தொகைதான் கணக்கு, கட்டாத மிச்சம் நிலுவையாக ஏறிக்கொண்டே போகும். அமெரிக்காவில் 1986-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள், பிராட்லி திருத்தம் என்பார்கள். கெடு தாண்டிய ஒவ்வொரு தவணையும் தீர்ப்பாகிவிட்ட கடன். நீதிபதியே இரக்கப்பட்டாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. மனு போட்டு, எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போன தேதிக்கு முன்னால் அவரால் போகவே முடியாது. மார்ச்சில் வேலை போய் செப்டம்பரில் மனு போட்டால், நடுவில் உள்ள மாதங்கள் முழுத் தொகையோடு உங்கள் தலையில்தான். திவால் நோட்டீஸ் கொடுத்தாலும் அங்கே இந்தக் கடன் போகாது.

(திரையில்: நாட்காட்டி. மனு போட்ட தேதியைச் சுற்றி வட்டம்.)

அதனால் கடிதம் வந்ததும் கெடு தேதியைத் தேடுங்கள். பிரிட்டனில் பராமரிப்புத் தொகையைக் கணக்கிடும் அரசு அமைப்பின் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்க, பொதுவாக 30 நாள்தான். அப்புறம் கணக்கையே சரிபாருங்கள், இதைப் பலர் செய்வதே இல்லை. அங்கே ஆண்டு மறுஆய்வுக்கு வரித்துறையிடம் உள்ள வருமானத்தைத்தான் எடுப்பார்கள், போன வருடம் ஓவர்டைம் பார்த்துச் சம்பாதித்தது இந்த வருடத் தொகையை ஏற்றியிருக்கலாம். குழந்தை உங்களிடம் தங்கும் இரவுகள், உங்கள் வீட்டில் வளரும் வேறு குழந்தைகள், இவையும் கணக்கில் வரும். ஒன்று விட்டுப்போயிருந்தாலும் தொகை மாறும்.

சரி, கணக்கு சரிதான், ஆனாலும் முடியவில்லை என்றால்? இங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. கார் தவணையும் கிரெடிட் கார்டு பாக்கியும் உங்களுக்குப் பெரிய சுமையாக இருக்கலாம், நீதிமன்றம் அதையெல்லாம் குழந்தைக்குப் பின்னால்தான் வைக்கும். கனடாவில் 'தாங்க முடியாத கஷ்டம்' என்று தனியாகவே மனு போடலாம். ஆனால் கஷ்டத்தை நிரூபித்தால் மட்டும் போதாது, உங்கள் வீட்டு வாழ்க்கைத் தரம் குழந்தை இருக்கும் வீட்டைவிட உயர்வாக இருந்தால் மனு தள்ளுபடிதான். இந்தியாவில் 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. எந்த நாடானாலும் கடைசியில் பேசுவது காகிதம்தான்: சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வேலை நீக்கக் கடிதம், மருத்துவச் சான்று, வேலை தேடி அனுப்பிய விண்ணப்பங்கள்.

"வேலையை விட்டுடு, வருமானமே இல்லைனா யார் என்ன கேட்பாங்க" என்று ஒரு நண்பர் எல்லோருக்கும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். வேண்டுமென்றே வேலையை விட்டதாகத் தெரிந்தால், உங்களால் எவ்வளவு சம்பாதிக்க முடியுமோ அதையே உங்கள் வருமானமாக வைத்து நீதிமன்றம் தொகையைப் போடும்.

மனு முடியும்வரை சும்மா இருக்கலாமா என்றால், கூடாது. முழுசாக முடியாவிட்டாலும் முடிந்ததைக் கட்டுங்கள், வங்கி வழியாக, எந்த மாதத்துக்கு என்று குறிப்புப் போட்டு. கையில் கொடுத்த பணமும் வாங்கிக் கொடுத்த ஷூவும் பெரும்பாலும் கணக்கில் வராது. விடாமல் கட்டி வந்தது பின்னால் உதவும்: 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்டும் திறன் இருக்கிறதா என்று முறையாகக் கண்டறியாமல் ஒரு தந்தையைச் சிறைக்கு அனுப்பியது தவறு என்று தீர்ப்பளித்தது. திறன் இல்லாதவரும் மனம் இல்லாதவரும் ஒன்றல்ல, ஆனால் அந்த வித்தியாசத்தை ரசீதுகளை வைத்துத்தான் காட்ட முடியும்.

(திரையில்: செல்போனில் ஒரு வரி. "பரவாயில்லை, இந்த மாதம் பாதி போதும்.")

முன்னாள் துணையோடு இப்படிப் பேச முடிந்தால் நல்லதுதான், வக்கீல் செலவும் குறையும். ஆனால் பேச்சோடு விட்டால் உத்தரவு அப்படியேதான் இருக்கும், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் மொத்த நிலுவையும் கேட்கப்படும். இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு, நீதிமன்றத்திலோ உத்தரவு போட்ட அலுவலகத்திலோ கொடுத்துப் புதிய உத்தரவாக வாங்கிக்கொள்ளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள், பல நீதிமன்றங்களில் மனுப் படிவத்தை வாங்கி நீங்களே நிரப்பிக் கொடுக்கலாம்.