ஸ்டேன் சாமி கேட்ட ஸ்ட்ரா தெரியும். அவர் தேடிப்போன 102 கைதிகளைத் தெரியுமா?

வணக்கம் மக்களே! நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறைக்குப் போயிருக்கிறீர்களா? கிறிஸ்தவராக மாறி, கைதியாக இழுத்து வரப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்குத் தாகம். கேட்டும் தண்ணீர் கிடைக்கவில்லை. பாறையை முழங்கையால் இடித்தார், ஊற்று கிளம்பியது என்று நம்ம ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். அங்கே போகிறவர்கள் இன்றைக்கும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். அவர் 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் புனிதரானார்.

இப்போது அப்படியே 2020-க்கு வாருங்கள். மும்பை பக்கம் தலோஜா சிறை. உள்ளே 83 வயது சேசு சபைக் குரு ஒருவர், பெயர் ஸ்டேன் சாமி. பார்க்கின்சன் நோய். கை நடுங்குவதால் டம்ளரைப் பிடிக்க முடியாது. கைதானபோது தன் பையில் இருந்த ஸ்ட்ராவையும் சிப்பரையும் திருப்பித் தரச் சொல்லி நவம்பர் 6-ம் தேதி நீதிமன்றத்தில் மனு போடுகிறார். பதில் சொல்ல என்ஐஏ, அதாவது தேசியப் புலனாய்வு முகமை, 20 நாள் அவகாசம் கேட்கிறது. 20 நாள் கழித்து வந்த பதில்: அப்படி எதையும் நாங்கள் எடுக்கவில்லை.

தண்ணீர் குடிக்க ஒரு ஸ்ட்ரா, மக்களே. எனக்கு இன்னும் ஆறவில்லை.

(திரையில்: ஸ்டேன் சாமியின் படம், 1937 – 2021)

இவரைப் பற்றிய ஆவணப்படம் பார்த்தவர்களிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால், முதலில் அந்த ஸ்ட்ராதான் வரும். படம் பார்த்துக் கண் கலங்குவார்கள், அதோடு சரி. ஆனால் அவர் சிறைக்குப் போவதற்கு முன்னால் செய்த ஒரு வேலை இருக்கிறது. அதுதான் இந்த வீடியோ.

வாழ்க்கைக் குறிப்பை வேகமாக முடித்துவிடுகிறேன். திருச்சி பக்கம் விரகாலூரில் பிறந்தவர், நம்ம தமிழ்க்காரர். 1957-ல் சேசு சபை. பெங்களூரு இந்திய சமூக நிறுவனத்தில் 1975 முதல் 86 வரை இயக்குநர். அப்புறம் ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு முப்பது வருடம். 2006-ல் ராஞ்சிக்குப் பக்கத்தில் பகைச்சா என்ற மையம்.

அங்கே அவர் என்ன செய்தார்? சட்டத்தை மக்களிடம் கொண்டுபோனார். பழங்குடிப் பகுதிகளுக்கென்று இருக்கும் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை, அந்தப் பகுதிக் கிராமசபைகளுக்கு அதிகாரம் தரும் 1996-ன் பெசா சட்டம், 2006-ன் வன உரிமைச் சட்டம் எல்லாம் காகிதத்தில் அருமையாக இருக்கிறது, ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தார். முண்டா மக்களிடம் இறந்தவர்களுக்குக் கல் நடும் வழக்கம் உண்டு. 2017, 18-ல் குந்தி மாவட்டக் கிராமங்களில் அந்த வழக்கம் வேறு வடிவம் எடுத்தது. ஆளுயரத்தைத் தாண்டிய பெரிய பெரிய கற்பலகைகள், பச்சை பெயின்ட், அதன்மேல் அரசியல் சட்டப் பிரிவுகள்! சுசீந்திரம் கோயிலில் அரசர்களின் கல்வெட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு, மக்களே தங்கள் உரிமையைக் கல்லில் வெட்டி ஊர் வாசலில் நட்டார்கள் என்றால் புல்லரிக்க வேண்டும். எனக்குப் புல்லரித்தது. அரசாங்கம் இதைத் தேசத்துரோகம் என்றது. ஸ்டேன் சாமி உட்பட 20 பேர் மேல் 2018-ல் வழக்கு. 2019 கடைசியில் ஆட்சி மாறியதும், அந்த வழக்குகளைத் திரும்பப் பெற மாநில அமைச்சரவை முடிவெடுத்தது.

இனி முக்கியமான இடம். வீடியோவை ஓட்டிவிடாதீர்கள்.

ஜார்க்கண்டில் மாவோயிஸ்ட் என்று சொல்லிப் பிடித்த இளைஞர்கள் வருடக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். ஜாமீன் இல்லை, விசாரணையும் நகரவில்லை. இவரும் பகைச்சா குழுவும் அப்படி வழக்கில் சிக்கிய 102 விசாரணைக் கைதிகளைத் தேடிப் பேசினார்கள். பெரும்பாலானவர்கள் பழங்குடியினர், தலித்துகள், பிற்படுத்தப்பட்டோர். மாதம் 5,000 ரூபாய்கூட வருமானம் இல்லாத வீடுகள். கிட்டத்தட்ட எல்லோருமே தங்கள் மேல் போட்டது பொய் வழக்கு என்றார்கள். ஆட்டை விற்று, நிலத்தை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுக்கும் குடும்பம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இதையெல்லாம் அறிக்கையாக வெளியிட்டார். இவர்கள் விசாரணையைச் சீக்கிரம் முடியுங்கள் என்று ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார்.

அப்படிப்பட்டவரை 2020 அக்டோபர் 8-ல், மகாராஷ்டிராவின் பீமா கோரேகானில் 2018 ஜனவரியில் நடந்த வன்முறையை ஒட்டிய வழக்கில் கைது செய்தார்கள். மாவோயிஸ்ட் தொடர்பு என்றது என்ஐஏ. பீமா கோரேகானுக்கு நான் போனதே இல்லை என்றார் அவர். எந்தக் கைதிகளுக்காக வழக்குப் போட்டாரோ, அதே மாதிரி விசாரணைக் கைதியாகவே அவர் வாழ்க்கையும் முடிந்தது.

சிறையிலிருந்து அவர் எழுதிய ஒரு கடிதத்தைச் சொல்லாமல் விட முடியாது. 13 அடிக்கு 8 அடி அறை. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சாப்பிட உதவுவது அதே வழக்கில் கைதான அருண் ஃபெரைரா. குளிக்க வைப்பது அதே வழக்கின் இன்னொரு கைதி வெர்னன் கொன்சால்வஸ். இரவுச் சாப்பாட்டுக்கும் துணி துவைக்கவும் அறையில் கூட இருந்த இரண்டு கைதிகள். மூட்டு வலிக்கு முழங்காலைப் பிடித்துவிடுவதும் அவர்கள்தான். ரொம்ப ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்று எழுதிவிட்டு, அவர்களுக்காக ஜெபியுங்கள் என்று கேட்கிறார். தனக்காக அந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஒரு பத்திக்காகவே அவரை நான் சாமி என்று கும்பிடுவேன்.

2021 ஜூலை 5. ஜாமீன் மனு மும்பை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று மருத்துவர் நீதிபதிகளிடம் சொன்னார். 2022 டிசம்பரில் ஆர்சனல் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம், அவருடைய கம்ப்யூட்டரில் வெளியாள் புகுந்து கோப்புகளை வைத்திருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது.

(திரையில்: மணவாளக்குறிச்சி கடற்கரை)

இதற்கும் கன்னியாகுமரிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் தாதுமணல் எடுக்கும் திட்டத்தை நம்ம கடற்கரை ஊர்கள் எதிர்க்கின்றன. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியே கிடையாது, அதனால் பெசா சட்டம் நமக்கு வராது. பேச்சிப்பாறை மேலே இருக்கும் காணி மக்களுக்கும் வராது. அவர்கள் கையில் இருப்பது வன உரிமைச் சட்டம்தான். எந்தச் சட்டம் நமக்கு உண்டு, எது இல்லை என்று தெரிந்துகொண்டு கிராமசபைக்குப் போங்கள். அவர் ஜார்க்கண்டில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

கடைசியாக ஒன்று, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் யாராவது விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தால், 15100-க்கு அழையுங்கள். சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச எண், வக்கீலும் இலவசம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 479-ம் பிரிவு இருக்கிறது. இதற்கு முன்னால் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது, மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேல் குற்றமோ வழக்கோ நிலுவையில் இருப்பவர்களுக்கும் பொருந்தாது. உங்கள் பங்குக் கோயிலில் சிறைப்பணிக் குழு இருந்தால் அவர்களுக்கு இந்த வீடியோவை அனுப்புங்கள். கேள்வி இருந்தால் கமென்டில் கேளுங்கள் மக்களே, தெரிந்த வக்கீல்களிடம் கேட்டு அடுத்த வீடியோவில் பதில் சொல்கிறேன்.