பேரைச் சொல்லுங்கம்மா

வணக்கம். பெண்களுக்கு ஓட்டுரிமை வந்த கதையைப் பத்து நிமிஷத்தில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தபோது எனக்கு லண்டனும் டெல்லியும் நினைவுக்கு வரவில்லை. குடியாத்தத்தில் ஒரு பீடித் தெருதான் வந்தது.

அது 1980-களின் நடுப்பகுதி. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலம். நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வாக்காளர் பட்டியல் திருத்த வேலைக்கு ஆசிரியர்களைத்தான் அனுப்புவார்கள். கையில் ஒரு கத்தை காகிதம், தலைக்கு மேல் நம்ம ஊர் வெயில். எப்படிப்பட்ட வெயில் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு திண்ணையில் வயதான அம்மா ஒருவர் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலையை எடுத்து, தூளைப் பரப்பி, உருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்கிப் போடுகிறார். ஒரு நொடி கை நிற்கவில்லை. கேட்டதற்கெல்லாம் மகன்தான் வாசலில் நின்று பதில் சொன்னார். அப்பா பெயர், தன் பெயர், தம்பி பெயர் எல்லாம் கடகடவென்று வந்தது. அம்மா பெயர் என்ன என்றேன். "இன்னார் அம்மான்னு போட்டுக்கங்க டீச்சர், தெருவுக்கே தெரியும்" என்றார்.

அப்படி எழுத முடியாதே. அந்த அம்மாவிடமே கேட்டேன். "எம் பேரு எதுக்கு டீச்சரு? எங்கூட்டுக்காரரு பேரப் போட்டுக்க" என்றார். சரி, அதையாவது உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றால் அதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "டேய், தாத்தா பேரச் சொல்றா" என்றார். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லக்கூடாது, தன் பெயரைச் சொல்லிப் பழக்கமே இல்லை.

இதற்கு முன்னால் ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். "ஏன் போடல? காமராசரு இங்க நின்னப்பவே போட்டேன்" என்றார். 1954-ல் காமராஜர் முதலமைச்சரான கையோடு குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தாரே, அதைச் சொல்கிறார். அப்போது பூத்தில் என்ன பெயர் சொன்னீர்கள்? "எங்கூட்டுக்காரரு கூட வந்தாரு. அவரே சொன்னாரு."

கடைசியில் கை நின்றது. மெதுவாக ஒரு பெயரைச் சொன்னார். மகன் சிரித்துவிட்டார். அவருக்கே அது புதிதாம். அந்தப் பெயரை நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் நடந்தது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு. அதற்குப் பட்டியல் எடுக்கப் போனபோது வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றுதான் சொன்னார்கள். சொந்தப் பெயர் வேண்டும் என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பிடிவாதமாக இருந்தார். கெடு கொடுத்துப் பார்த்தும் பெயர் வராமல், சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போனார்கள். சென் செய்தது சரிதான் என்பது என் கட்சி. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். உரிமை கொடுத்தாகிவிட்டது, அரசியல் சட்டத்திலேயே எழுதியாகிவிட்டது. அது வீட்டு வாசல்வரை வந்து, படியேறாமல் திரும்பிப் போயிருக்கிறது.

அதுவரை வந்து சேரவே எத்தனை காலம் ஆயிற்று பாருங்கள். 1917-ல் சென்னையில், அடையாறில், இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அதே வருஷம் டிசம்பரில், இந்தியாவுக்கான மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய்ப் பார்த்தார்கள். ஆண்களுக்கு எந்த விதியோ எங்களுக்கும் அதே விதி என்றுதான் கேட்டார்கள், தனிச் சலுகை எதுவும் கேட்கவில்லை. சௌத்பரோ என்ற பிரபுவின் கமிட்டி இந்தியா முழுக்கச் சுற்றி விசாரித்துவிட்டு 1919-ல் சொன்ன பதில் என்ன தெரியுமா? சமூகம் இன்னும் தயாராகவில்லை, பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள் இருக்கும் கோஷா வழக்கம் இருக்கிறது, இது ஒத்துவராது.

இங்கே நம்ம ஊருக்குக் கொஞ்சம் வாருங்கள். 1918-ல் வேலூரில் அமெரிக்க டாக்டரம்மா ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்குகிறார். இன்றைக்கு சி.எம்.சி. ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி என்று நாம் சொல்வதன் வேர்களில் ஒன்று அது. கமிட்டி ஊர் ஊராகப் போய் சாட்சி கேட்டுக்கொண்டிருந்த அதே சமயத்தில், இங்கே பெண்பிள்ளைகள் சவத்தை அறுத்து எலும்பையும் நரம்பையும் படித்துக்கொண்டிருந்தார்கள். 1922-ல் முதல் அணி தேறி வெளியே வந்தது. தயாராகவில்லை என்று எழுதிய பேனாவின் மை காய்ந்திருக்குமோ என்னவோ.

கமிட்டி மறுத்தாலும், பிரிட்டிஷார் கொண்டுவந்த 1919 இந்திய அரசுச் சட்டத்தில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். அந்தந்த மாகாண சட்டசபை விரும்பினால் கொடுத்துக்கொள்ளலாம். 1921-ல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை கொடுத்தது. இதில் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் யாருக்குக் கொடுத்தார்கள்? பெயரில் சொத்தோ வரி ரசீதோ இருக்க வேண்டும். சொத்தெல்லாம் புருஷன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்த காலத்தில் இது எத்தனை பெண்களுக்குப் பொருந்தும்? குடியாத்தத்துத் திண்ணையில் பீடி சுற்றியவருக்கு நிச்சயமாக இல்லை. அடுத்து வந்த 1935 இந்திய அரசுச் சட்டத்தில், ஓட்டுள்ளவரின் மனைவி என்றால் ஓட்டு, எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டு என்று கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார்கள். மறுபடியும் இன்னாரின் மனைவிதான்!

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1918-ல் இங்கிலாந்து கொடுத்தபோது ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 30. அதற்கும் மேலே சொத்து நிபந்தனை. வேண்டாவெறுப்பாகப் பிள்ளையைப் பெற்றுக் காண்டாமிருகம் என்று பெயர் வைத்த கதைதான். சமமாவதற்கு இன்னும் 10 வருஷம் ஆயிற்று. முதலில் கொடுத்த நியூசிலாந்தில் 1893-லேயே ஓட்டு வந்தது, தேர்தலில் நிற்கிற உரிமை 1919-ல்தான். சுவிட்சர்லாந்து விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதாவது எரிச்சலில் பிடித்தது. பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்று 1959-ல் ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் ஆண்கள் மட்டும். வேண்டாம் என்று பெரும்பான்மையாகச் சொல்லிவிட்டார்கள். சரி என்று சொல்ல 1971 ஆயிற்று.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்பவர்கள் குறைவு. "கொடுக்கலாம்தான், ஆனா..." என்பவர்கள்தான் அதிகம். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வயது வரும், சொத்து வரும், படிப்பு வரும், காலம் கனியட்டும் என்பது வரும். முடிவு செய்கிறவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், கேட்கிறவர் வாசலில் நிற்கிறார். நாள் தள்ளிப் போவதால் கூடத்தில் இருப்பவருக்கு ஒரு காசு நஷ்டமில்லை. பிறகு ஏன் அவசரப்படப் போகிறார்?

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற மசோதா முதலில் வந்தது 1996-ல். நிறைவேறியது 2023-ல். அப்போதும் அதில், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு என்று எழுதி வைத்தார்கள்.

உள்ளாட்சியில் நம் மாநிலத்தில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு ஊராட்சியில், தலைவர் அம்மாவுக்குப் போன் செய்தால் அவர் வீட்டுக்காரர்தான் எடுப்பார். அதிகாரிகளும் அவரிடமே பேசி முடித்துவிடுவார்கள். 1954-ல் பூத்தில் "அவரே சொன்னாரு" என்றதற்கும் இதற்கும் ரொம்ப தூரமில்லை.

அந்த அம்மா கதை பாதியில் நிற்கிறது. சில மாதம் கழித்து அச்சடித்த பட்டியல் வந்தது. அவர் பெயரில் கடைசி எழுத்து மாறி, ஆண் பெயராகியிருந்தது. பாலினமும் ஆண் என்றே போட்டிருந்தார்கள். யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் மதியம் பள்ளிக்கூட வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிட்டார். கூடவே முறமும் இலையும். பையனை அனுப்பியிருக்கலாமே என்றேன். "அவனுக்கு இன்னா தெரியும், எம் பேரு" என்றார்.

திருத்தப் படிவத்தை எடுத்து எழுதினேன். எழுதி முடித்ததும் எழுந்திருக்கவில்லை. "படி டீச்சரு" என்றார். படித்தேன். "இன்னொரு தபா" என்றார், கையில் இருந்த பீடியின் நுனியை மடக்கிக்கொண்டே.