பணம் கட்டினால்தான் பழைய மெயில் திறக்குமா?

வணக்கம். 2002ஆம் வருஷம் என் சித்தப்பா அபுதாபியிலிருந்து எனக்கு ஒரு மெயில் போட்டார். தமிழில். அந்தக் காலத்தில் தமிழில் ஒரு மெயில் போய்ச் சேருவதே பெரிய விஷயம். போன வருஷம் அவர் நினைவு வந்து அதைத் தேடித் திறக்கப் போனேன். மெயில் வரவில்லை. ஒரு சின்னப் பெட்டி வந்தது. "இந்தப் பதிப்பு உங்கள் கணினியில் இயங்காது, புதிய பதிப்பை வாங்கவும்." கீழே ஒரு பொத்தான், பொத்தானுக்குப் பக்கத்தில் விலை.

எனக்கு வந்த கடிதம். என் கணினியில், என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. நான் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்தான் அதைப் பத்திரமாக வைத்திருந்தது. இப்போது அந்த மென்பொருளே வாசலில் நின்று மறுபடி டிக்கெட் கேட்கிறது.

அது எந்த மென்பொருள் என்று சொல்லப் போவதில்லை. ஒரு நிறுவனத்தைத் திட்டுவதற்காக இந்த வீடியோ எடுக்கவில்லை. மெயில்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள்களை வைத்திருப்பவர்கள் அப்டேட் கட்டணத்தைப் பற்றிப் பேசினாலே சண்டை வருகிறது. அந்தச் சண்டையில் எல்லாரும் விலையையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு இடம். அதைக் காட்டத்தான் இந்த வீடியோ.

முதலில் பின்னணி, சீக்கிரமாக முடித்துவிடலாம். ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபியோடு வந்தது. இன்றைக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஆனால் அதே 15-ஐத்தான் மெயிலும் டிரைவும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இது போதாதென்று, இரண்டு வருஷம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இடம் ஏன் இவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்றால், மெயிலில் இணைக்கும் எந்தப் படமும் எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் போகிறது. 3 எம்பி படம் மெயிலுக்குள் 4 எம்பிக்குமேல் ஆகிவிடும். அதனால்தான் பழைய மெயிலை எல்லாம் சொந்தக் கணினிக்கு இறக்கி, தேடும் வசதியோடு அடுக்கி வைக்கும் மென்பொருளை மக்கள் வாங்குகிறார்கள்.

[திரையில்: மூன்று விலைச்சீட்டுகள்]

இப்போது சண்டைக்கு வருவோம். ஒரு தரப்பு சொல்வது: "ஒரு தடவை வாங்கினேன். சாகும்வரை அப்டேட் கொடு." இரண்டாவது தரப்பு: "சின்ன அப்டேட் இலவசமாகக் கொடு. நாலு வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வந்தால் பாதி விலை தருகிறேன்." மூன்றாவது, நிறுவனங்களுக்கு மிகவும் பிடித்தது: மாதச் சந்தா. கொடுத்துக்கொண்டே இருந்தால் ஓடும், நிறுத்தினால் நிற்கும்.

நான் இரண்டாவது தரப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

மெயில் மென்பொருள் எழுதுகிறவரின் வேலை ஒருநாளும் முடியாது. காரணம், அவர் நிற்கும் தரை அவருடையது இல்லை. மேக் கணினியோடு வரும் ஆப்பிள் மெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் மேக் இயங்குதளத்தின் டைகர் பதிப்பு வந்தபோது, அதுவரை ஒரு பெரிய கோப்பில் அடுக்கியிருந்த கடிதங்களைக் கடிதத்துக்கு ஒரு கோப்பு என்று மாற்றினார்கள். அதைப் படிக்கும் எல்லா மென்பொருளையும் திருத்த வேண்டியிருந்தது. 2023இல் சோனோமா பதிப்பில், மெயிலோடு ஒட்டிக்கொண்டு வேலைசெய்த பழைய பிளக்-இன்கள் மொத்தத்தையும் நிறுத்தினார்கள். வருஷக்கணக்காக வளர்த்த மென்பொருளை வேறு முறையில் திரும்ப எழுத வேண்டிய நிலை. இவற்றை எழுதுவது இரண்டு பேர், மூன்று பேர் வைத்து நடத்தும் கடைகள். 2011இல் ஒரு தடவை வாங்கிய பணத்தில் 2023 வரைக்கும் அவர்கள் சோறு சாப்பிட முடியாது. ஆகவே பெரிய பதிப்புக்குக் காசு கேட்பது நியாயம். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

பிறகு எல்லாரும் சந்தாவுக்கு ஏன் ஓடுகிறார்கள்? அதற்கு ஒரு சுவாரசியமான காரணம் உண்டு. மேக் மென்பொருள்களை விற்க 2011இல் திறந்த மேக் ஆப் ஸ்டோரில் "பழைய வாடிக்கையாளருக்குப் பாதி விலை" என்று எளிதாகப் பெரிய பதிப்பை விற்க ஆப்பிள் வழியே வைக்கவில்லை. ஒன்று, இலவசமாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அதையே புதிய ஆப் என்று முழு விலைக்கு வைக்க வேண்டும். மூன்றாவது கதவு சந்தா. நிறையப் பேர் அந்தக் கதவு வழியாகத்தான் போனார்கள். சிலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். குறிப்பெடுக்கும் மென்பொருளான நோட்டபிலிட்டி 2021 நவம்பரில் சந்தாவுக்கு மாறியது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களின் வசதிகளும் ஒரு வருஷத்தில் போய்விடும் என்றது. எழுந்த கோபத்தில் சில நாட்களிலேயே, பழையவர்களுக்கு எல்லாம் அப்படியே இருக்கும் என்று இறங்கி வந்தார்கள்.

எனக்குப் பிடித்த தீர்வு ஜெட்பிரெயின்ஸ் செய்தது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்குக் கருவி செய்யும் நிறுவனம். 2015இல் சந்தா என்று அறிவித்ததும் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். உடனே ஒரு விதியைச் சேர்த்தார்கள்: 12 மாதம் தொடர்ந்து கட்டினால், அந்த 12 மாதம் தொடங்கியபோது இருந்த பதிப்பு நிரந்தரமாக உங்களுடையது. சந்தாவை நிறுத்தினாலும் அது ஓடும். புதியது வேண்டுமானால் கட்டு, வேண்டாமென்றால் பழையதை வைத்துக்கொள். மெயில் சேமிப்பு மென்பொருள் ஒவ்வொன்றும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

"ஆயுள் உரிமம் வாங்கிவிட்டேன், எனக்குக் கவலை இல்லை" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போஸ்ட்பாக்ஸ் என்றொரு மெயில் மென்பொருள் ஆயுள் உரிமம் விற்றது. 2024இல் இஎம் கிளையண்ட் அதை வாங்கியது, போஸ்ட்பாக்ஸ் நிறுத்தப்பட்டது. அந்த ஆயுள் மென்பொருளுடைய ஆயுள். ஆனால் போஸ்ட்பாக்ஸ்காரர்களுக்கு ஒரு நல்லது நடந்தது: அவர்களுடைய கடிதங்கள் யாரும் படிக்கக்கூடிய பொது வடிவத்தில் இருந்தன. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போக முடிந்தது.

இங்கேதான் நான் முதலில் சொன்ன அந்த வேறு இடம் வருகிறது. படம் திருத்தும் மென்பொருள் நின்றுபோனால் படம் உங்களிடம் இருக்கும். மெயிலைச் சேமிக்கும் மென்பொருள் நின்றுபோனால், எதைக் காப்பாற்ற வாங்கினீர்களோ அது அதன் வயிற்றுக்குள் இருக்கும். அப்டேட் விலை 500 ரூபாயா 5,000 ரூபாயா என்பது அப்புறம். கட்டாவிட்டால் கடிதம் வெளியே வருமா, வராதா? அதை முதலில் கேளுங்கள்.

வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாங்க, ஒரு கடிதத்தைப் பிரித்தே பார்த்துவிடலாம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

[திரையில்: நோட்பேடில் திறந்த ஒரு மெயில் கோப்பு]

ஒரு மெயிலின் அசல் வடிவம் வெறும் எழுத்துதான். 1982இல் எழுதிய விதி: மேலே அனுப்பியவர், பெறுபவர், தேதி, பொருள், அப்புறம் ஒரு வெற்று வரி, அப்புறம் கடிதம். இப்படி ஒரு கடிதத்தை ஒரு கோப்பாக வைத்தால் அது இஎம்எல். பல கடிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே கோப்பில் ஒட்டினால் எம்பாக்ஸ். எம்பாக்ஸ் யுனிக்ஸ் காலத்துப் பழசு. அதில் ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு அடையாளம், ஃப்ரம் என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும். சரி, கடிதத்துக்குள்ளேயே ஒரு வரி அந்தச் சொல்லில் தொடங்கினால்? புதுக் கடிதம் என்று கணினி ஏமாந்துவிடும். அதனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் > என்று ஓர் அம்புக்குறியைச் செருகிவிடுவார்கள். பழைய ஆங்கில மெயில்களில் சம்பந்தமே இல்லாமல் ஒரு வரியின் முன்னால் அம்புக்குறி நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? அது இந்தத் தையலின் நூல்.

தமிழ் அதில் எப்படி இருக்கும்? "அம்மா" என்று அனுப்பிப் பாருங்கள். பழைய முறை ஒன்றில் அ என்ற ஓர் எழுத்து, =E0=AE=85 என்று ஒன்பது குறிகளாகப் போகும். அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து துண்டுகள். மொத்தம் 45 குறிகள். கடல் தாண்டி வந்து இந்தப் பக்கம் மறுபடி "அம்மா" ஆகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

இதற்கும் முந்தைய காலம் இருக்கிறது. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் ஒரு பொது எண் கொடுக்கும் முறை யுனிக்கோடு. அதில் 1991இலேயே தமிழ் உண்டு. ஆனால் வீட்டுக் கணினிகளில் அது சரியாகத் தெரிய விண்டோஸ் 2000, எக்ஸ்பி எல்லாம் வர வேண்டியிருந்தது. நடுவில் தமிழ் ஆர்வலர்கள் மெயிலிலேயே கலந்து பேசி திஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலிருந்து டாப், டாம் குறியீடுகள் வந்தன. மரத்தடி, ராயர் காப்பி கிளப் மாதிரி, மெயில் வழியே பேசிக்கொண்ட யாஹூ குழுமங்களில் எழுதியவர்களைக் கேளுங்கள். பிரவுசரில் "யூசர் டிஃபைண்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் தெரியும் என்பார்கள். திஸ்கியில் "கொ" என்றால் கொம்பு முதலில், க நடுவில், கால் கடைசியில். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, தட்டச்சு இயந்திரத்தில் அடிப்பதுபோல.

சித்தப்பாவின் மெயில் திஸ்கியில் எழுதியது.

அந்தப் பெட்டி வந்த அன்று, பரணிலிருந்து என் பழைய லேப்டாப்பை இறக்கினேன். சார்ஜரைத் தேட ஒரு மணி நேரம். அதில் பழைய பதிப்பு இன்னும் ஓடியது. கடிதங்களை வெளியே எடுக்கும் ஏற்றுமதி வசதி இருந்தது. ராத்திரி முழுக்க ஓடி, காலையில் ஒவ்வொரு கடிதமும் ஓர் இஎம்எல் கோப்பாக வெளியே வந்திருந்தது. அதே மெயிலை முன்பு ஒருமுறை பிடிஎஃப் ஆகவும் எடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிடிஎஃபில் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள், நடுநடுவே கேள்விக்குறி. கேள்விக்குறியாக மாறிய எழுத்து போனது போனதுதான், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இஎம்எல் கோப்பிலும் பார்வைக்குக் குப்பைதான், ஆனால் ஒரு பைட்டும் குறையவில்லை. யுனிக்கோடுக்கு மாற்றும் நிரலில் போட்டேன். "தம்பி, இங்கே இன்று மழை. சொன்னால் நம்ப மாட்டாய்" என்று முதல் வரி வந்தது.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பிடிஎஃப் ஏற்றுமதி மட்டும் உண்டு என்று சொல்லும் மென்பொருளை வாங்காதீர்கள். அசல் கடிதம் அசலாகவே வெளியே வர வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக், கடிதங்களை வைக்கும் பிஎஸ்டி கோப்பைப் பற்றி ஒன்று மட்டும். அதன் பழைய வடிவம் 2 ஜிபி தாண்டினால் திறக்காது. தாண்டியவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் ஒரு கருவி கொடுத்தது. கோப்பின் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பழுதுபார்க்கும் கருவி. அந்தக் கோப்பு உங்களிடம் இருந்தால் இன்றைக்கே வேறு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

என்ன பயன்படுத்தலாம்? தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் இலவசம், எம்பாக்ஸில் வைக்கிறது, முதலில் இதைப் பாருங்கள். விண்டோஸில் மெயில்ஸ்டோர் ஹோம், சொந்த உபயோகத்துக்கு இலவசம். உள்ளே தன் வடிவத்தில் வைத்தாலும் இஎம்எல் ஆக வெளியே தரும். மேக்கில் காசு கொடுக்கத் தயார் என்றால் ஈகிள்ஃபைலர். கடிதங்களைச் சாதாரண ஃபோல்டரில் எம்பாக்ஸாகவே வைக்கிறது, இப்படிச் செய்கிறவருக்குக் காசு கொடுக்க எனக்குச் சந்தோஷம். ஜிமெயில்காரர்கள், நம் தகவலை நாமே இறக்கிக்கொள்ள கூகுள் தரும் டேக்அவுட் வசதியில் எம்பாக்ஸாக இறக்கலாம். லேபிள்கள்கூட ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் எழுதி வரும். இறக்கும் இணைப்பு சில நாட்களில் காலாவதியாகிவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

எதை வாங்குவதாக இருந்தாலும், இலவச சோதனைக் காலத்திலேயே இதைச் செய்யுங்கள். நூறு மெயிலை உள்ளே போடுங்கள். அதில் ஒரு தமிழ் மெயிலும் படம் இணைத்த மெயிலும் கட்டாயம் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து, அந்த மென்பொருள் இல்லாத வேறொரு கணினியில் தண்டர்பேர்டில் திறந்து பாருங்கள். அப்புறம் விற்பனையாளருக்கு எழுதிக் கேளுங்கள்: "நான் பணம் கட்டுவதை நிறுத்திய மறுநாள், ஏற்றுமதி வேலைசெய்யுமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதிலையும் சேமித்து வையுங்கள்.

கடைசியாக, 1997 முதல் 2004 வரை தமிழில் மெயில் எழுதியவர்கள் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தக் கடிதங்கள் இன்று குப்பையாகத் தெரிந்தாலும் அழிக்காதீர்கள். எந்த எழுத்துருவில் எழுதினீர்கள் என்று கமெண்டில் போடுங்கள். அவற்றை யுனிக்கோடுக்கு மாற்றும் முறையை அடுத்த வீடியோவில், சித்தப்பாவின் கடிதத்தை வைத்தே செய்து காட்டுகிறேன்.