தொழிலதிபர்களைப் பற்றிய ஆவணப்படங்களை எந்த அளவுக்கு நம்பலாம்? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். புதுச்சேரியில் வரலாறு படிக்கும் ஒரு மாணவி அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். "ஐயா, ராக்ஃபெல்லர், கார்னகி, ஃபோர்டு ஆகியோரைப் பற்றி ஹிஸ்டரி சேனலில் 2012-ஆம் ஆண்டு வந்த தொடரைப் பார்த்தேன். அது முதலாளிகளின் பக்கம் சாய்ந்தது என்று என் தோழி சொல்கிறாள். அப்படியென்றால் அதில் வருபவை பொய்யா? என் கட்டுரைக்கு அதை ஆதாரமாகக் காட்டலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. சொல்பவர் யார் பக்கம் நிற்கிறார் என்பது ஒன்று, அவர் சொல்வது சரியா என்பது மற்றொன்று. ஒரு பக்கம் நின்றுகொண்டே சரியாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பத்திரிகையாளர் ஐடா டார்பெல்லின் தந்தை பென்சில்வேனியாவில் எண்ணெய்த் தொழில் செய்து, ராக்ஃபெல்லரின் கைவரிசையால் அடிபட்டவர். அந்த மகள் 1902 முதல் 1904 வரை மெக்ளூர்ஸ் இதழில் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வரலாற்றைத் தொடராக எழுதியபோது மனத்தில் ஆறாத வருத்தம் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அவர் நீதிமன்ற ஆவணங்களையும் விசாரணைகளில் பதிவான சாட்சியங்களையும் வரிவரியாகப் படித்து, ரயில் நிறுவனங்களிடம் அந்த நிறுவனம் ரகசியமாகப் பெற்ற கட்டணத் தள்ளுபடிகளை வெளிக்கொணர்ந்தார். 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் ஸ்டாண்டர்ட் ஆயில் 34 நிறுவனங்களாகப் பிரிந்தது.

பிழை எப்போதும் முதலாளிக்குச் சாதகமாகத்தான் வரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. மாறுதிசை மின்சாரம் ஆபத்தானது என்று காட்டுவதற்காக எடிசன் ஒரு யானையை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார் என்று பல நிகழ்ச்சிகளில் கேட்டிருப்பீர்கள். அந்த யானை நியூயார்க்கின் கோனித் தீவில் 1903 ஜனவரியில் கொல்லப்பட்டது. எடிசனின் மின் நிறுவனம் 1892-இலேயே ஜெனரல் எலக்ட்ரிக்கில் இணைந்துவிட்டது. எடிசனின் நேர்திசை மின்சாரத்துக்கும் மாறுதிசை மின்சாரத்துக்கும் இடையே நடந்த போட்டியும் அதற்குள் முடிந்துபோயிருந்தது. எடிசன் பெயரைத் தாங்கிய திரைப்பட நிறுவனம் அந்தக் காட்சியைப் படம்பிடித்தது என்பது மட்டுமே உண்மை.

ஆகவே, ஆண்டும் பெயரும் சரியா என்று பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் எடுக்கும் படங்களில் அவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரு செயலுக்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று பாருங்கள், கோணல் அங்கேதான் நுழைகிறது. ஃபோர்டின் ஐந்து டாலர் கூலியை எடுத்துக்கொள்வோம். 1914 ஜனவரியில் அவர் எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் தருவதாக அறிவித்தார். அதுவரை ஒன்பது மணி நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை டாலர்தான் கிடைத்தது. தம் தொழிலாளர்களே தம் காரை வாங்க வேண்டும் என்ற தொலைநோக்கில் செய்தார் என்று படங்கள் சொல்கின்றன. ஃபோர்டும் பிற்காலத்தில் அவ்வாறே சொல்லிக்கொண்டார். ஆனால் 1913-இல் நடந்தது என்ன? கார் நகர்ந்து வரும் உற்பத்தி வரிசையில் ஒரே வேலையை நாள் முழுதும் செய்யும் முறை வந்ததும் ஆட்கள் சலித்து வெளியேறினார்கள். ஏறத்தாழ 14,000 பேர் வேலை செய்யும் ஆலைக்கு அந்த ஓராண்டில் 50,000 பேருக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. கூலியை உயர்த்தியது ஆட்களை நிறுத்திவைப்பதற்காக. ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் கார் விற்ற நிறுவனத்துக்கு அந்த 14,000 பேரும் ஆளுக்கொரு கார் வாங்கியிருந்தாலும் பெரிய வேறுபாடு வந்திருக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். மேலும், ஐந்து டாலரில் ஏறத்தாழப் பாதி, இலாபப் பங்கு என்ற பெயரில் நிபந்தனையோடு வந்தது. தொழிலாளி குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று நிறுவனத்தின் ஆட்கள் வீடு தேடி வந்து விசாரித்தார்கள். இதைச் சொல்லாமல் விட்ட படத்தில் ஒரு தகவல்கூடப் பொய்யாக இல்லாமலிருக்கலாம், ஆனாலும் பார்ப்பவர் தவறான முடிவோடுதான் எழுந்திருப்பார்.

நீங்கள் பார்த்த தொடரில் வரலாற்றாசிரியர்களுக்கு இணையாக இக்காலத் தொழிலதிபர்களும் கருத்துச் சொல்கிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய ஒருவரின் மனத்தில் என்ன ஓடியது என்று சொல்வதற்கு இன்று வியாபாரத்தில் வென்றிருப்பது தகுதியாகாது என்பது என் உறுதியான கருத்து. மூடிய அறையில் இருவர் பேசுவதாக நடித்துக் காட்டும் காட்சிகளிலும் எச்சரிக்கை வேண்டும். பேச்சு கடிதத்திலிருந்து எடுக்கப்பட்டதா, எழுத்தாளரின் கற்பனையா என்று திரையில் தெரியாது. 1892-இல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் வேலைநிறுத்தத்தை உடைக்க பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் 300 ஆட்கள் வந்து, இரு தரப்பிலும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அப்போது கார்னகி ஸ்காட்லாந்தில் இருந்தார். அதனால் பழி முழுவதும் மேலாளர் ஃப்ரிக் மீது போய்விடுகிறது. ஆனால் ஃப்ரிக் எடுக்கும் நடவடிக்கைக்கு முன்கூட்டியே ஒப்புதல் தெரிவித்துக் கார்னகி எழுதிய கடிதங்கள் இருக்கின்றன.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில், கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் இரும்பாலை நடத்தினார். 1839-இல் மாங்கனீசு சேர்த்து எஃகு செய்யும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உற்பத்தியாளர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டு பணம் தர மறுத்தார்கள். வழக்காடியே நொடித்து, வறுமையில் இறந்தார். இதைப் படமாக்கினால் வஞ்சிக்கப்பட்ட மேதையின் கதை எளிதில் கிடைத்துவிடும். கம்பெனி கொடுத்த முன்பணமும், மரக்கரிக்காக வெட்டப்பட்ட காடுகளும், தாது வந்த சேலத்தில் தலைமுறை தலைமுறையாக இரும்பு உருக்கியவர்களும் அதில் இருப்பார்களா? இந்திய இரும்பையும் எஃகையும் பற்றி ஹீத் தாமே கட்டுரை எழுதியிருக்கிறார். நாயகன் மறைக்காததைப் படம் மறைத்தால், அந்தக் குற்றம் படம் எடுத்தவர்களுடையது.

உங்கள் ஊரிலேயே 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சுக் காவல்துறை சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆலை நிர்வாகத்தின் ஏடுகளை மட்டும் வைத்து எடுத்தால் அச்சட்டம் அரசின் கருணையாகத் தோன்றும். வ. சுப்பையா போன்றோரின் தொழிற்சங்கப் போராட்டத்தை மட்டும் காட்டினால், அதே 1936-இல் பிரான்ஸில் இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்திருந்தது விடுபடும். எனக்குத் தொழிலாளர்கள் மீதுதான் பற்று. அதற்காக இந்த இரண்டாவது காரணத்தை நான் விட்டுவிட முடியாது.

உங்கள் கட்டுரையில் அந்தத் தொடரைத் தாராளமாகக் குறிப்பிடுங்கள். ஆனால் 2012-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி இவர்களை எப்படிக் காட்ட விரும்பியது என்பதற்குத்தான் அது ஆதாரம். கார்னகி என்ன செய்தார் என்பதற்கு அவருடைய கடிதங்களையும், ராக்ஃபெல்லருக்கு 1911-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் பாருங்கள். இரண்டும் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன.